இறந்தவர் பட்டியலில் ஒரு சைபர்

ஆகஸ்ட் 24, வியாழன்

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லலாம். தக்காளி விலைக்குப் பயந்து ஊரே புளித்தண்ணீரில் ரசம் வைத்த வருஷம். சிறுவாணித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வந்த வருஷம். ஆள் இல்லாத வண்டி ஒன்றை நேற்றுச் சாயங்காலம்தான் நம் ஆட்கள் சந்திரனில் இறக்கினார்கள், அந்த வருஷம். அதே வருஷத்தில்தான் நான் செத்தேன்.

சேதியைக் கொண்டுவந்தவர் சென்னியப்பன். ரங்கநாயகி மில் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். மில் மூடி முப்பது வருஷம் ஆகியும் சங்கம் மூடவில்லை.

"அண்ணா, ஒரு சேதி. நெஞ்சக் கெட்டியா வெச்சுக்குங்க" என்றார்.

"யாரு போயிட்டாங்க?" என்றேன். எங்கள் வயதில் வேறு சேதி வராது.

"நீங்கதாங்ண்ணா."

போனில் காட்டினார். சங்கத்துக்கு இப்போது ஒரு வெப்சைட் இருக்கிறது. அதில் என் நம்பருக்கு நேரே சிவப்பில் ஏதோ இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. 'இறந்தவர்' என்று படித்துச் சொன்னார்.

சிரிப்பதற்கு இல்லை. நாங்கள் இருப்பது மில்லின் லைன் வீடு, ஒன்பதாம் நம்பர். இந்த வீடுகளுக்கு இப்போதுதான் பட்டா கொடுக்கப் போகிறார்கள். செப்டம்பர் இருபதாம் தேதி முகாம். வீடு ஒதுக்கப்பட்ட உறுப்பினர் உயிரோடு இருந்தால் பட்டா அவர் பெயருக்கு. இல்லையென்றால் வீடு சங்கத்துக்குத் திரும்பிவிடும், வரிசையில் அடுத்த ஆளுக்குப் போகும். பட்டியலைப் பத்தொன்பதாம் தேதிக்குள் தாலுகா ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

சென்னியப்பனுக்குத் தெரிந்த வக்கீல், "எந்தெந்தத் தேதியில என்ன நடந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க, பின்னால கேஸ் போட ஒதவும்" என்றாராம். அதற்காகத்தான் இந்த நோட்டு. நான் சொல்கிறேன், என் மகள் தெய்வானை எழுதுகிறாள். அவள் சத்துணவு அமைப்பாளர். நான் பேசுவதை அப்படியே எழுதாமல் பேப்பரில் வருகிற தமிழாக்கி எழுதுகிறாள். வக்கீல் படிப்பார் அல்லவா என்கிறாள்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மில்லில் என்னோடு வேலை பார்த்த கருப்பண்ணன் வந்தான். அவனும் செத்துப் போயிருக்கிறான்.

ஆகஸ்ட் 28, திங்கள்

சங்க ஆபீஸுக்குப் போனேன். செத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மில்லில் கார்டிங் பிரிவில் இருந்த திம்மையன், காது கேட்காத கருப்பண்ணன், ரீலிங் பிரிவுப் பொம்மக்காள், கூட்டிப் பெருக்கின நஞ்சம்மாள், நான். ஐந்து பேர். பொம்மக்காளுக்கு எண்பத்தாறு வயது. பேரனின் ஆட்டோவில் வந்து, ஆட்டோவை விட்டு இறங்காமலே சண்டை போட்டாள்.

"ஏனப்பா சென்னியப்பா, என்னையக் கொன்னுபோட்டு நீ ஃபேனுக்கு அடியில உக்காந்து டீ குடிக்கறியா?"

"ஆத்தா, நான் கொல்லுலீங். கம்ப்யூட்டரு."

"அதுக்குச் சோறு போட்டு வளத்துனவன் நீதான?"

நஞ்சம்மாள்தான் கண்டுபிடித்தாள். செத்த ஐந்து பேரும் கைநாட்டு. கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இது எப்படி என்றால், ரயில்காரர்கள் ஸ்டிரைக் செய்த வருஷம் சங்கம் புதிதாகப் பேரேடு எழுதியது. அப்போது எழுத்தராக இருந்த தண்டபாணி, கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு வெறும் நம்பர் கொடுத்தார். ரேகை வைக்கிறவர்களுக்கு முன்னால் 'கை' என்று சேர்த்தார். நான் கை-44, ராக்கியண்ணன். அப்போது நாங்கள் அறுபத்து மூன்று பேர். எனக்கு மொத்தப் பேரும் மனப்பாடம். எழுத்துத் தெரியாதவனுக்குத் தலைக்குள் இடம் நிறைய இருக்கிறது.

"இது வேணும்னு பண்ணுனது. கையெழுத்துக்காரங்களுக்கு வீடு பத்தல" என்றாள் நஞ்சம்மாள். சென்னியப்பன் கையெழுத்துக்காரர். அவருக்கு வியர்த்துவிட்டது.

கருப்பண்ணன் எல்லாம் முடிந்த பிறகு, "இப்ப என்ன சொல்றாங்க, நாம இருக்கறமா இல்லியா?" என்று என்னிடம் கேட்டான். இன்னும் தெரியவில்லை என்று அவன் காதில் கத்தினேன்.

ஆகஸ்ட் 30, புதன்

உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்க கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். கட்டை விரலை ஒரு கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டு வாருங்கள் என்றது அங்கிருந்த பெண். தேய்த்தும் சிவப்புதான்.

கோன் வைண்டிங், அதாவது நூலைக் கோனில் சுற்றுகிற வேலை. இருபத்தெட்டு வருஷம் நூல் ஓடின விரல். ரேகை எல்லாம் நூலோடு போய்விட்டது. வாழ்நாள் முழுக்க நான் எழுதினது இந்த ஒரு விரலால்தான், இப்போது அதுவும் அழிந்துவிட்டது என்றேன். தெய்வானை சிரித்தாள்.

கண்ணைக் காட்டி வாங்கிவந்தோம். கண் நான்தான் என்று ஒத்துக்கொண்டது.

செப்டம்பர் 1, வெள்ளி

தண்ணீர் வந்தது. பதினாலு குடம், இரண்டு டிரம், குண்டாக்கள்.

சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தும் வெப்சைட்டில் நான் எழுந்திருக்கவில்லை. சென்னியப்பன் தன் கையால் மாற்றினாலும் அது திரும்பச் செத்தவன் என்றே காட்டுகிறதாம். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை வரச் சொல்லியிருக்கிறார்.

செத்தவர் பட்டியலை யார் கொடுத்தது என்று தெய்வானை கேட்டாள். நான்தான். பங்குனியில் சென்னியப்பன் இங்கே வந்து, "அண்ணா, உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம், கைநாட்டுல யாரு யாரு போயிட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார். சங்கத்துப் பழைய புத்தகங்கள் எல்லாம் மில் கேஸுக்காக ஒரு டிரங்குப் பெட்டியில் கோர்ட்டில் இருந்தன. நான் செத்த வரிசையிலேயே சொன்னேன். பஞ்சு அடிக்கிற ப்ளோ ரூமில் தீப்பிடித்தபோது போன மாசாணி முதல், கொரோனாவில் போன வெள்ளிங்கிரி வரைக்கும் ஐம்பத்தேழு பேர். தேதியே சொன்னேன். சென்னியப்பன் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே வந்தார்.

கடைசியில் கை-31 மட்டும் மிச்சம். "ரீலிங் மயிலாத்தாள்தான? அவங்க போயி நாளாச்சில்லீங்களா?" என்றார். அன்றைக்கு டீ வரத் தாமதம், நாக்கு வறண்டு கிடந்தது. "அத இப்பத்திக்கு சைபர்னு போட்டு வைய்யி" என்றேன். போட்டார்.

இதை எதற்கு எழுதுகிறாய் என்றேன். நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறாள்.

செப்டம்பர் 4, திங்கள்

வெப்சைட்காரப் பெண் வந்தது. பர்வீன் என்று பெயர். போத்தனூரில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்து நாலைந்து வெப்சைட் பார்த்துக்கொள்கிறது. ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "இதுல யாருங்க தாத்தா செத்தவரு?" என்று கேட்டது. ஐந்து பேரும் கை தூக்கினோம்.

வெப்சைட் பிஎச்பி என்கிற ஒன்றில் எழுதியதாம். இந்தச் சங்கத்துக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிற ஒரு செட்டிங் இருக்கிறது. முகாம் என்றைக்கு, போன் நம்பர் எது, செத்தவர்கள் யார் யார் என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கால் மணி நேரம் பார்த்துவிட்டு அந்தப் பெண் விரலால் திரையைத் தட்டியது.

"செயலாளர் சார், செத்தவங்க பட்டியல்ல கடைசியா ஒரு சைபர் இருக்குதே, இது யாரு?"

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் கருப்பண்ணனைப் பார்த்தேன். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெண் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது எழுத்து. குறி இல்லாமல் இருந்தால் எண். மற்ற ஐம்பத்தேழும் குறிக்குள் இருக்கின்றன. சைபர் மட்டும் வெறுமனே நிற்கிறது. இது பழைய பிஎச்பி. எழுத்தையும் எண்ணையும் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றா என்று கேட்டால், எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்கும். 112 என்பதை மாற்றினால் நூற்றுப் பன்னிரண்டு, அது சைபரோடு ஒட்டாது. கை-44 என்பதில் முதலில் 'கை' நிற்கிறது. அது எண் இல்லை என்பதால், அதன் கணக்கில் மொத்தமும் சைபர். பட்டியலில் ஒரு சைபர் இருக்கிறது. ஆகவே ராக்கியண்ணன் செத்தான்.

"அதாவது தாத்தா, இதுக்குக் கைநாட்டு எல்லாமே சைபர்தான்" என்றது பர்வீன்.

"இதுல என்ன புதுசு? மில்லு மொதலாளி இதத்தான சொன்னான்" என்றார் திம்மையன்.

"இந்த சைபரு போடச் சொன்னது யாரு?" என்று நஞ்சம்மாள் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

சைபரை எடுத்துவிட்டார்கள். ஐந்து பேரும் உயிர்த்தெழுந்தோம்.

செப்டம்பர் 7, வியாழன்

முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் விடுகிற மாதிரி இல்லை. திரும்பவும் வந்தது.

"இன்னொருக்கா யாராவது ஏதாவது போட்டுட்டா, மறுபடி உங்களக் கொன்னுரும் தாத்தா. நான் ஒரு காவல் போட்டிருக்கேன்" என்றது.

காவல் என்னவென்று கேட்டேன். செட்டிங்கில் உள்ள ஒவ்வொன்றும் என்ன ஜாதிச் சரக்கு என்று முன்பே எழுதி வைத்திருக்கிறது. செத்தவர்கள் என்றால் அது பட்டியலாகத்தான் வர வேண்டும், ஒற்றைப் பெயராக வந்தால் செல்லாது. பட்டியலுக்குள் இருக்கிற ஒவ்வொன்றும் எழுத்தாக இருக்க வேண்டும், எண் வந்தால் செல்லாது. ஆமாமா இல்லையா என்று கேட்கிற இடத்தில் ஆமாம் இல்லை இரண்டில் ஒன்றுதான். முன்பெல்லாம் அந்த இடத்தில் 'இல்லை' என்று மேற்கோள் குறிக்குள் எழுதினால், ஏதோ எழுதியிருக்கிறதே என்று அதையும் ஆமாம் என்றே எடுத்துக்கொள்ளுமாம். எங்கள் மில் மேனேஜர் ஒருவர் அப்படித்தான் இருந்தார். இப்போது தப்பான சரக்கு வந்தால் வெப்சைட்டே நின்றுவிடும். எந்த இடத்தில் எத்தனையாவது தப்பு, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்கும்.

எனக்குப் பிடித்திருந்தது. கோன் வைண்டிங்கில் நாற்பதாம் நம்பர் நூலுக்குப் பச்சை முனைக் கோன், அறுபதுக்கு மஞ்சள். படிக்கத் தெரியாதவனும் மாற்றிப் போடக் கூடாது என்பதற்காக வைத்த கலர். ஒரு பெட்டியில் ஒரு கோன் மாறினால் அந்த நூலில் நெய்த துணி முழுக்கக் கோடு விழும்.

"அப்பறம் இன்னொண்ணும் சேத்துனேன். பேரேட்டுல இருக்கற ஒவ்வொரு நம்பரும் செத்தவங்கள்லயோ இருக்கறவங்கள்லயோ ஒரு பக்கம் வந்தாகணும். இப்ப ஐம்பத்தேழும் அஞ்சும் அறுபத்திரெண்டு. பேரேட்டுல அறுபத்திமூணு. கை-31 எங்க தாத்தா?"

இதை யார் சேர்க்கச் சொன்னது என்றேன். தாலுகா ஆபீஸில் கேட்பார்களே என்றது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணன் யோசித்து நாங்கள் பார்த்ததே இல்லையே என்றார் சென்னியப்பன்.

செப்டம்பர் 8, வெள்ளி

டிரங்குப் பெட்டி கோர்ட்டிலிருந்து வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

எமர்ஜென்சி எடுத்த பிறகு மில்லில் ஒரு ஸ்டிரைக் நடந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்க அரைமணி நேரம் வேண்டும் என்று ரீலிங் பெண்கள் உட்கார்ந்தார்கள். மயிலாத்தாள்தான் முன்னால் நின்றவள். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், அன்னூரில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போனவள் வரவில்லை. அங்கே செத்துப் போனதாக அன்னூர் பஸ்ஸில் ஒரு ஆள் சொன்னான். நான் வந்து சங்கத்தில் சொன்னேன். இவ்வளவுதான் நடந்தது.

சென்னியப்பன் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து படித்தார். தண்டபாணியின் எழுத்து அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னார். தீர்மானம் இது: "லைன் வீடு எண் 9, வரிசைப்படி கை-31 மயிலாத்தாளுக்கு ஒதுக்கப்பட்டது. அவர் காலமானதையும் அடக்கத்தையும் நேரில் கண்டதாக கை-44 ராக்கியண்ணன் தெரிவித்தபடியால், மேற்படி வீடு அடுத்த உறுப்பினரான கை-44க்கு ஒதுக்கப்படுகிறது." கீழே ரேகை. நல்ல ரேகை, அப்போது தேயவில்லை.

நேரில் கண்டதாக நான் சொல்லவில்லை. அது தண்டபாணி சேர்த்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தேன்.

சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்ண்ணா, எழுத்துலயே இருக்குது! கை-31 காலமானவரு. நீங்க ஒரு வார்த்த ஆமான்னா போட்டுர்றேன். அறுபத்திமூணும் சரியாயிரும், வீடும் உங்களுக்கு."

எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 11, திங்கள்

மூன்று நாள் தெய்வானை நோட்டைத் தொடவில்லை. இன்று நானே கேட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொன்னா எழுதறேன்" என்றாள். "அந்தப் பஸ்காரன் பேரென்ன? அம்மாசி நாள்ல செத்தவங்க பேரு, அவங்க கட்டியிருந்த துண்டு கலரு வரைக்கும் உங்களுக்குத் தெரியும். அவன் பேரு மட்டும் ஏன் தெரியல?"

பஸ்ஸில் பார்த்த ஆளின் பெயரை யார் கேட்பார்கள் என்றேன்.

"சரி, தண்டபாணி எழுதுனதப் படிச்சுக் காட்டுனாரா?"

இரண்டு தடவை படித்துக் காட்டினார். 'அடக்கத்தையும்' என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் மூக்குக் கண்ணாடியில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

தெய்வானை பேனாவை மூடினாள். திரும்பத் திறந்து அதையும் எழுதினாள்.

அப்போது என் நிலைமை என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஒண்டிக் குடிசை, மழைக்கு ஒழுகும். தெய்வானைக்கு ஐந்து வயது, மார்ச்சளி. வீடு மயிலாத்தாள் பெயரில் பூட்டிக் கிடந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன், பார்த்துக்கொண்டே வருவேன். எட்டு மாசம்.

மயிலாத்தாள் இருக்கிறாளா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? கடைசியாகப் பார்த்தே ஆறு வருஷம் ஆகிறது. கருப்பண்ணன் பேத்தி சீருக்கு அன்னூர் போனபோது சந்தையில் கீரைக் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன்னால் சுனாமி வந்த வருஷம் ஒருமுறை, ஆட்டுச் சந்தையில். அதற்கு முன்னால் ஒருமுறை, அவிநாசித் தேரில்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பர்வீன் போன் செய்தது. காவல் இன்னும் நிற்கிறதாம், கை-31 இல்லாமல் விட மாட்டேன் என்கிறதாம். "அதக் கொஞ்சம் கண்ண மூடிக்கச் சொல்லேன்மா" என்றேன். "அப்படி ஒரு செட்டிங் நான் வெக்கல தாத்தா" என்றது.

செப்டம்பர் 14, வியாழன்

அன்னூர் போனேன். தெய்வானை வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். காலை எட்டு மணி பஸ். உட்கார இடம் கிடைத்தது. கோயில்பாளையம் தாண்டி ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது, முட்டைக்கோஸ் லோடு.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஓட்டு வீடு, முன்னால் இரண்டு எருமை. மயிலாத்தாள் கயிற்றுக் கட்டிலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பது வயது. குரல் அப்படியே இருக்கிறது.

"யாரு, ராக்கியண்ணனா? வா. நீ செத்துப்போயிட்டீன்னு பேத்தி போன்ல காட்டுனா. நல்ல சேதின்னு இருந்தேன்."

"உன்னையுந்தான் போட்டிருந்தாங்க" என்றேன்.

"என்னைய இப்பத்தான் போடறாங்களா? நான் போயி நாப்பத்தஞ்சு வருசமாச்சே."

அவளுக்குத் தெரியும். வீடு வந்துவிட்டதா என்று கேட்க அந்த வருஷமே ஒருநாள் மில் கேட்டுக்கு வந்திருக்கிறாள். வாட்ச்மேன் இவளைப் பார்த்ததும் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்து விழுந்தானாம். தண்ணீர் தெளித்து எழுப்பிக் கேட்டிருக்கிறாள், யார் சொன்னது என்று. சொல்லிவிட்டான்.

"ஏன் உள்ள வந்து கேக்கல?" என்றேன்.

"கேக்கலாம்னுதான் வந்தேன். ஒம்பதாம் நம்பரு வாசல்ல உன்ர பொண்டாட்டி கோலம் போட்டுட்டிருந்தா. புள்ள ஒண்ணு சட்டையில்லாம இருமிட்டு நின்னுச்சு. சரி, இன்னொரு நாளைக்கி வந்து புடிச்சுக்கலாம்னு பஸ் ஏறிட்டேன். அப்பறம் அண்ணன் படுத்துட்டான், எருமை கன்னு போட்டுச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு. செத்தவளுக்கு என்னப்பா அவசரம்?"

ஒரு லோட்டாவில் மோர் கொடுத்தாள். குடித்தேன். உப்பு கொஞ்சம் அதிகம்.

பட்டா விஷயத்தைச் சொன்னேன். பட்டியல், முகாம், சைபர், காவல் எல்லாம் சொன்னேன். தீர்மானப் புத்தகத்தில் அவள் செத்தவள், நான் ஆமாம் என்றால் போதும் என்பதையும் சொன்னேன். சைபர் என்றதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. இருமல் வந்துவிட்டது.

"என்னைய செத்தவளுன்னு சொல்ல வாய் வராம நீ சைபர் போட்டே. அது உன்னையே கொன்னுபோட்டுச்சா? அந்த மிசினு நல்ல மிசினு."

"இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

"அத எங்கிட்ட எதுக்குக் கேக்கற? அன்னைக்கிக் கேட்டா சொன்னே?"

"வீடு வேணுமா உனக்கு?"

தைல பாட்டிலை மூடினாள். ரொம்ப நேரம் மூடினாள். "வருவேன்னும் நெனக்காத. வரமாட்டேன்னும் நெனக்காத. பேத்தி கல்யாணம் பண்ணி ஒழுகற வீட்டுல கெடக்கறா. பட்டா எம்பேருக்கு வந்துச்சுன்னா அவ சும்மா இருக்கமாட்டா. அத இப்பவே சொல்லிப்போடறேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டீர்களா என்று தெய்வானை இப்போது கேட்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

செப்டம்பர் 16, சனி

தண்ணீர் வந்தது. பன்னிரண்டு குடம்தான் பிடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. தெய்வானை பூரணம் குறைவாக வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் நானே பேச்சை எடுத்தேன். எனக்கு எண்பத்தொன்று. நான் இன்னும் எத்தனை நாள்? பட்டா எனக்கில்லை, உனக்கு. நாளைக்கு நான் ஒரு ஆமாம் சொன்னால் உனக்கு ஆயுசுக்கும் ஒரு கூரை. புத்தகத்தில் எழுதியிருக்கிறது, ரேகை இருக்கிறது, கேட்பவர் யாரும் இல்லை. மயிலாத்தாளும் வருவேன் என்று உறுதியாகச் சொல்லவில்லை.

"நான்தானப்பா அந்த இருமிட்டு நின்ன புள்ள?" என்றாள்.

நாலு வீடு தள்ளி யாரோ பட்டாசு வைத்தார்கள். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு வாடகைக்கு இருக்கிறதாம், இரண்டு பேருக்குத் தாராளம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். தண்ணீர் வருமா என்று கேட்டேன். போர் தண்ணீர், தினமும் வரும் என்றாள்.

நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்று எழுதச் சொன்னேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

இந்தப் பக்கத்தைத் தெய்வானை சங்க ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதினாள்.

பதினொரு மணிக்குப் போனோம். திம்மையன், பொம்மக்காள், நஞ்சம்மாள், கருப்பண்ணன் எல்லோரும் இருந்தார்கள். சென்னியப்பன் தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு ரிப்பன் வைத்துத் தயாராக இருந்தார். தாலுகா ஆபீஸுக்கு மூன்று மணிக்குள் போக வேண்டும். பர்வீன் லேப்டாப்பைத் திறந்ததும் அது நின்றது. நின்ற இடத்தைப் படித்துக் காட்டியது. "கை-31: இறந்தவர் அல்லது இருப்பவர் எழுத்தில் வேண்டும். ஒன்றும் வரவில்லை."

"காலமானவர்னு போட்டுர்லாமுங்களா?" என்றார் சென்னியப்பன். "புத்தகத்துல இருக்குது, சாட்சி அண்ணனே இருக்கறாரு."

"மொதல்ல இருக்கறவங்களச் சொல்றேன், போடும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். சென்னியப்பன் ரிப்பனைத் தடவிக்கொண்டிருந்தார்.

சொல்லச் சொல்ல அது தட்டியது. கை-8, பொம்மக்காள். ஆட்டோவிலிருந்து, "இருக்கறேன்!" என்று சத்தம் வந்தது. கை-19, திம்மையன். கை-52, கருப்பண்ணன். அவன் தோளைத் தொட்டுக் காட்டினேன், தலையாட்டினான். கை-60, நஞ்சம்மாள். கை-44, நான்.

"அஞ்சு" என்றது பர்வீன். "ஒண்ணு மிச்சம் தாத்தா."

தீர்மானப் புத்தகத்தைச் சென்னியப்பனிடம் வாங்கினேன். என் ரேகை இருக்கிற இடத்தைக் காட்டி, இது பொய்ச் சாட்சி, வைத்தவன் நான்தான், படித்துக் காட்டின பிறகு வைத்தேன் என்றேன். அப்படியானால் ஒன்பதாம் நம்பர் என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். அது முதலிலிருந்தே யாருடையது என்று அதிலேயே எழுதியிருக்கிறதே என்றேன்.

நஞ்சம்மாள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். தெய்வானை அதை எழுதவில்லை.

பர்வீனின் விரல் எழுத்துகள் மேல் காத்துக்கொண்டிருந்தது. "எழுத்துல சொல்லுங்க தாத்தா" என்றது.

"இருப்பவர் பக்கம் போடு" என்றேன். "அன்னூர். கை-31. மயிலாத்தாள்."